மூன்றாவது மாடியில் வேகவதி

வேகவதி ஆறு மூன்று மாடி ஏறி லோகாம்பாள் வீட்டுக் கூடத்தில் வந்து படுத்தது ஒரு வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, அடுப்பில் பால் பொங்கி அடங்கிய சற்று நேரத்தில். காஞ்சிபுரத்துக்கு இரண்டு ஆறு. பாலாறு பெரிய உடம்புக்காரி, நினைத்த இடத்துக்கு எழுந்து போக அதனால் ஆகாது. வேகவதி அப்படியில்லை. அதற்குள் அது இளைத்து இளைத்து ஒரு பட்டுச்சேலை அகலத்துக்கு வந்துவிட்டிருந்தது. படிக்கட்டு திரும்புகிற இடங்களில்கூட அதற்குச் சிரமம் இருக்கவில்லை. கரையிலிருந்து அந்தக் குடியிருப்பு ஐந்து கிலோமீட்டர். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்ததால் பத்து நிமிடம் ஓரமாக நின்றது என்றும், கேட் திறந்த பிறகும் லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டுக் கடைசியாகத்தான் கடந்தது என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஊரில் யாரும் அதைத் தடுக்கவில்லை. அவரவருக்கு அவரவர் வேலை.

தப்பு லோகாம்பாளுடையது. அதை அவளே ஒப்புக்கொள்வாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. தேவேந்திரன் என்பவருடைய சாயப்பட்டறையில் பட்டு அலசுகிற வேலை. புருஷன் ராமராஜன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். மகள் சிம்ரன் ஒரகடம் பக்கம் போன் தயாரிக்கிற கம்பெனிக்கு ஷிப்டு போகிறவள். அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வேகவதிக் கரையில் இருந்தது. வயலும் இல்லை, மனையும் இல்லை, ஆற்றங்கரைதான் என்று ஒதுங்கின ஜனம். மூன்று வருடத்துக்கு முன்னால், ஆற்றைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லிக் கரையில் இருந்த எல்லா வீட்டையும் அதிகாரிகள் இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். ஆற்றுக்குள் விழுகிற குழாய்களை இடிக்கவில்லை, அது வேறு இலாகா. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆற்றை முப்பது வருடமாகக் கவனித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் லோகாம்பாள்தான். விடிந்ததும் வேலைக்குப் போகுமுன் ஒரு துரட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இறங்கி, தன் எல்லை என்று அவளாக வைத்துக்கொண்ட நாற்பதடி தூரத்துக்குப் பிளாஸ்டிக் கவர், கந்தல், செத்த கோழி எல்லாவற்றையும் இழுத்துக் கரையில் போடுவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. சாயங்காலம் அந்த நாற்பதடியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவளுக்கு உடம்பு வலி போகும், அவ்வளவுதான். அவள் பகலெல்லாம் அலசின சாயத் தண்ணீர் அதே ஆற்றில்தான் கொஞ்சம் மேலே போய் விழுந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் யோசிக்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முதல் நாள், முறைப்படி, அவள் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு தெருவில் எல்லாரையும் கூப்பிட்டாள். இடித்துப்போட்ட செங்கல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தவர்களையும் விடவில்லை. கடைசியில் தட்டில் ஒரு வெற்றிலை மிஞ்சியது. மிஞ்சினதைத் திருப்பி எடுத்துப்போக மனசில்லாமல் பின்னால் இறங்கி அதைத் தண்ணீரில் விட்டு, "நாளைக்குப் பால் காச்சுறோம், நீயும் வந்துடுமா" என்றாள். வாய் வார்த்தைக்குச் சொன்னதுதான். நம் பக்கத்தில் வாய் வார்த்தைக்குக் கூப்பிட்டால் வாய் வார்த்தைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள். ஆற்றுக்கு அந்த நாசூக்கு தெரியவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் ஒரு டம்ளர் பால் குடித்து, இட்லி சாப்பிட்டு, ஜன்னல் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, லிப்ட் இல்லையே என்று அங்கலாய்த்துவிட்டுப் பத்து மணிக்குள் போய்விட்டார்கள். ஆறு போகவில்லை. தலையைச் சமையலறை வாசலில் வைத்து, கூடத்தில் இரண்டு மடிப்பாக மடிந்து, மிச்ச உடம்பைப் படிக்கட்டில் விட்டுப் படுத்துக்கிடந்தது. வாடாமல்லி நிறத்தில் நுரை, அழுகின நாற்றம். சிம்ரன் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலின் மேல் நின்று, "ம்மா, என் யூனிஃபார்ம் ஃபுல்லா ஈரம், நான் இன்னா போட்டுக்கினு போறது? அத எழுந்து போகச் சொல்லு" என்று கத்தினாள். லோகாம்பாள் மகளின் வாயைப் பொத்தினாள். வாசலேறி வந்தவர்களைப் போ என்று சொல்லக் கூடாது. அதுவும் கூப்பிட்டு வந்தவர்களை.

மூன்றாம் நாளும் அது அசையாததைப் பார்த்த பிறகுதான் லோகாம்பாளுக்கு விஷயம் புரிந்தது. விசேஷத்துக்கு வந்த பெண் மூன்று நாளாகியும் பையைக் கையில் எடுக்கவில்லை என்றால் அவளுக்குப் புகுந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். லோகாம்பாளின் தங்கையே அப்படி ஒரு தடவை வந்து படுத்திருக்கிறாள். சுவர்ப் பக்கம் திரும்பி, சோறு வேண்டாம் என்று, கேட்டால் ஒன்றுமில்லை என்று. "இது கோவிச்சுக்கினு வந்திருக்குது" என்று ராமராஜனிடம் சொன்னாள். ராமராஜன் நல்ல மனுஷன், வேலைக்குப் போய்விட்டு வந்து படுப்பதைத் தவிர உலகத்தில் எதையும் கேட்காதவன். "யார் மேல கோவம்?" என்றான். "ஊர் மேலதான். வேற யாரு மேல?" என்றாள் அவள். அப்படி வந்த பெண்ணை அம்மா வீட்டார் தாங்களாகக் கொண்டுபோய் விடுவதில்லை. விட்டால் அவளுக்கு மரியாதை இருக்காது. புகுந்த வீட்டார் தட்டு எடுத்துக்கொண்டு வந்து, நடந்தது தப்பு என்று சொல்லி, அழைத்துப் போக வேண்டும். ஆக, காஞ்சிபுரம் வர வேண்டும். காஞ்சிபுரமோ ஆறு போனதையே நாலு நாள் கழித்துத்தான் கவனித்தது. ஐந்தாம் நாள் காய்ந்த படுகையில் யாரோ சுண்ணாம்புக் கோடு போட்டு மனை பிரித்திருந்தார்கள்.

தூங்கட்டும் என்று லோகாம்பாள் விட்டுவிட்டாள். ஆறு தூங்கத் தூங்கத் தெளிந்தது. முதலில் நுரை போயிற்று. பிறகு நாற்றம் போயிற்று. வாடாமல்லி மங்கி அரக்காகி, அரக்கு மங்கி டீத்தண்ணீர் நிறமாகி, பத்தாம் நாள் கூடத்தில் போட்டிருந்த வெள்ளை டைல்ஸ் அடியில் தெரிந்தது. ஒரு மீன்கொத்தி வந்து டிவி மேல் உட்கார ஆரம்பித்தது. பீரோ ஓரமாக நாணல் முளைத்தது. எங்கிருந்தோ கெண்டைக் குஞ்சுகள் வந்து கேஸ் சிலிண்டரைச் சுற்றித் திரிந்தன. பிளாக்கில் இருந்த பெண்கள் வேலை முடிந்ததும் ஏறி வந்து, கதவுக்கு வெளியே வரிசையாகச் செருப்பை விட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டித் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கரையில் இருந்தபோதுகூட அவர்கள் இப்படி உட்கார்ந்ததில்லை, அப்போது தண்ணீர் பட்டால் சொறி வரும். லோகாம்பாளுக்கு மட்டும் உட்கார நேரமில்லை. வந்தவர்களுக்கு டீ, படியில் வழுக்கி விழாமல் சாக்கு, மகளுக்குத் துணி காயவைக்க மொட்டைமாடிக்கும் கீழுக்கும் நடை. கரையை விட்டு வந்தாலாவது துரட்டிக்கு ஓய்வு கிடைக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். சலிப்பாகத்தான் இருந்தது. அழுகைகூட வந்தது ஒரு நாள், துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து.

கீழ் வீட்டுச் சாமுவேலுக்குக் கூரை சொட்டியது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், வாய் கொஞ்சம் நீளம். முதல் வாரம் மேலே பார்த்துக் கத்தினார், அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். இரண்டாம் வாரம், சொட்டுகிற இடத்தில் வைத்த வாளியில் தினம் நாலைந்து கெண்டை விழுவதைக் கண்டு கத்துவதை நிறுத்தினார். ஆனால் எழுதிக் கொடுத்த புகார் எழுதிக் கொடுத்ததுதான். குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து, முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்து, நோட்டீஸ் ஒட்டினார். ஒதுக்கீட்டுப் பட்டியலில் இல்லாத ஒருவரை வீட்டில் நிரந்தரமாகத் தங்கவைத்திருப்பதால், அவர் வந்த நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குள் வெளியேற்றாவிட்டால் வீடு ரத்தாகும், பூட்டு போடப்படும். ஆற்றில் வீடு இருந்ததற்கு ஒரு தடவை வெளியேற்றினார்கள், வீட்டில் ஆறு இருப்பதற்கு இன்னொரு தடவை. "சார், அது நம்ம ஊர் ஆறு சார்" என்று ராமராஜன் சொல்லிப் பார்த்தான். "இருக்கலாம்பா, ஆதார் இருக்குதா?" என்றார் அவர். கிண்டலாகக் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது.

மூன்றே நாள் மிச்சம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, போ என்று, சொன்னால் வீடு நிற்கும். சொல்லாவிட்டால் மறுபடி சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டும், இந்த வயதில். ராமராஜன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். சிம்ரன் மட்டும், "நமக்கு இன்னாத்துக்குமா இந்த வேலை? ஊர்ல நம்ம தவிர யாருக்காச்சும் அக்கற இருக்குதா?" என்றாள். லோகாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். தெளிந்த முகத்தோடு தூங்குகிற ஒன்றை எழுப்பி அந்தக் குழாய்க்கடியில் போய்ப் படு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. புகுந்த வீட்டாரைக் கூப்பிட்டு வருவது ஒன்றுதான் வழி. நேராகப் பட்டறைக்குப் போய், அண்டாவில் கொதிக்கிற சாயத்தைக் கிளறிக்கொண்டிருந்த தேவேந்திரனிடம் விவரத்தைச் சொன்னாள். மூன்று தலைமுறையாகத் தறியும் சாயமுமாக இருக்கிற வீடு, கோயிலுக்குப் பட்டு கொடுக்கிற வீடு. அவர் சிரித்தார். "இன்னா லோகா, ஆறு எங்கனா கோவிச்சுக்குமா? வேலைக்கி வராம இருக்க இது ஒரு சாக்கா?" மற்றப் பட்டறைகளிலும் சிரித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் என்று இருந்த இரண்டு பேர், கூட்டம் போட்டுப் பேசலாம் என்று அடுத்த மாதம் ஒரு தேதி சொன்னார்கள். அவள் திரும்பி வந்து எல்லாரும் சிரித்ததை ஆற்றிடம் சொல்லவில்லை. புகுந்த வீட்டைப் பற்றிப் பெண்ணிடம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அன்று சாயங்காலம்தான் சாயம் திரும்பியது. வாங்கிக்கொள்ள ஆறு இல்லாததால், பத்துப் பன்னிரண்டு நாளாகப் படுகையில் குழாயடியிலேயே தேங்கி நின்ற சாயமெல்லாம் குழாய் வழியாகவே பின்னால் நடந்து வந்து, சாக்கடையில் ஏறி, பட்டறை முற்றங்களில் பொங்கி, வீட்டுக் கூடங்களுக்குள் நுழைந்தது. எந்த வீட்டுச் சாயம் எந்த வீட்டுக்கு என்பதில் அது தப்பே செய்யவில்லை. மஞ்சள் தோய்த்தவர் வீட்டில் மஞ்சள், மயில்கழுத்து தோய்த்தவர் வீட்டில் மயில்கழுத்து. தேவேந்திரன் வீட்டில் வாடாமல்லி. அவர் மனைவி புவனேஸ்வரிக்குக் கணுக்கால் வரை வாடாமல்லி ஏறிவிட்டது. சீயக்காய், சோடா, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதற்கும் போகவில்லை. கெட்டிச் சாயம், தண்ணீரில் போகாது என்று அவர்கள் சேலைக்குச் சொல்லி விற்கிற அதே சாயம். தறியில் நீட்டியிருந்த பாவு நூல் கீழ்ப்பக்கமாக நனைந்து கெட்டுப்போனது. வாசலில் கட்டியிருந்த பசு நாலு காலும் வாடாமல்லியாகி, பால் கறக்கும்போது அதுவும் லேசாக அந்த நிறம்தான் இருந்தது. மறுநாள் தெருவில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தர் காலும் ஒவ்வொரு நிறம்.

பதினைந்தாம் நாள் காலை பூட்டோடு அலுவலக ஆள் வந்து கீழே பைக்கை நிறுத்தினார். லோகாம்பாள் சட்டி பானையைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். பதினைந்து நாளில் அவள் அப்படி உட்கார்ந்தது அப்போதுதான். "நீ தூங்குமா, இவங்க இன்னா பண்றாங்கன்னு பாக்கலாம்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. புவனேஸ்வரி. மூட்டுவலிக்காரி, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, கையில் தட்டோடு ஏறி வந்தாள். தட்டில் பூ, வெற்றிலை, ரெண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு ரவிக்கைத் துணி. முப்பது வருடத்தில் அந்த அம்மாள் லோகாம்பாள் குடியிருந்த எந்த வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. இப்போது நிலைப்படியில் நின்று தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"இட்டுக்கினு போக வந்திருக்கேன் லோகா" என்றாள்.

"உங்க கால்ல சாயம் ஏறிடுச்சுன்னு வந்தீங்களா, இல்ல இவ வேணும்னு வந்தீங்களாமா?"

புவனேஸ்வரி பொய் சொல்லவில்லை. "சாயம் ஏறிடுச்சுன்னுதான் வந்தேன்" என்றாள். பிறகு கூடத்தைப் பார்த்தாள். டைல்ஸ் தெரிகிற தண்ணீர், நாணல், டிவி மேல் மீன்கொத்தி. பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு முகம் மாறியது. "நான் கல்யாணமாகி வந்தப்போ இப்படித்தான் இருந்துச்சு. எங்க மாமியார் இதுலதான் பட்டு அலசுவாங்க" என்றாள் மெதுவாக.

லோகாம்பாள் அம்மா வீட்டுக்காரியாக நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டாள். அழைத்துப் போனால் எப்படி வைத்துக்கொள்வீர்கள். சாயத்தைத் தொட்டி கட்டித் தேக்கி, வண்டலை வடித்து, தெளிந்ததைத்தான் விட வேண்டும். ஆற்றில் யாராவது கவர் போட்டால் கேட்க ஆள் வேண்டும். இதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் சொன்னால் போதும். புவனேஸ்வரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன மட்டும் கேக்கறியே, முப்பது வருஷமா யார் கையால போச்சு அந்தச் சாயத் தண்ணியெல்லாம்?" என்றாள்.

"என் கையாலதான்" என்றாள் லோகாம்பாள். "காலைல நாப்பதடி சுத்தம் பண்ணுவேன், பகல் பூரா நானே ஊத்துவேன். இவளுக்கு நான் அம்மா வூடும்தான், மாமியா வூடும்தான். அதான் போன்னு சொல்ல வாய் வரல, இருன்னு சொல்லவும் யோக்கியத இல்ல."

புவனேஸ்வரி சேலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்து, லோகாம்பாள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள். தட்டைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். சாட்சிக்குக் கீழ் வீட்டிலிருந்து சாமுவேலைக் கூப்பிட்டார்கள். அவர் வாளியோடு வந்து, சாட்சியாக இருக்கச் சம்மதம், ஆனால் மீன் விஷயம் என்ன ஆகும் என்று கேட்டார். ஆறு இரண்டு மடிப்பையும் பிரித்துக்கொண்டு மெதுவாக எழுந்தது. புவனேஸ்வரி முன்னால் நடக்க, சத்தமில்லாமல் பின்னாலேயே படியிறங்கியது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அலுவலக ஆள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். பிறகு ஏறிப் பார்த்து, ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். ரயில்வே கேட் அன்று திறந்திருந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். சத்தியம் செய்தவள் ஒருத்தி, ஊரில் பட்டறை அத்தனை. தேவேந்திரன் வீட்டில் தொட்டி கட்டினார்கள். லோகாம்பாளுக்கு அலசுகிற வேலை போய் வண்டல் அள்ளுகிற வேலை வந்தது, இடுப்பு ஒடிகிற வேலை. மற்றவர்கள் கால் நிறம் மங்கியதும் மறந்தார்கள். நாற்பதாம் நாள் ஆறு மறுபடி வாடாமல்லியும் மஞ்சளுமாகப் படியேறி வந்து படுத்தது. அலுவலக ஆள் விதிப்புத்தகத்தைப் புரட்டி, உறவினர் மூன்று நாள் தங்கலாம் என்று ஒரு வரி இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார், அவருக்கும் ஏறி இறங்கிக் கால் வலித்திருந்தது. மூன்றாம் நாள் புவனேஸ்வரி தட்டோடு வந்தாள். அதிலிருந்து அது ஒரு வழக்கமாயிற்று. முதல் வருடம் ஒன்பது தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தெருவில் சாயம் திரும்பி ஏறியது, ஒவ்வொரு தெருவாகத் தொட்டி கட்டினார்கள், திட்டிக்கொண்டே. தட்டு சிறுத்து ஒரு வெற்றிலை இரண்டு பழம் என்று ஆனது. கரையோரம் போகிறவர்கள் படுகை காய்ந்திருந்தால், அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறது, திங்கட்கிழமை வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லோகாம்பாள் ஆறு வருகிற நாளைக் கணக்காகத் தெரிந்துகொண்டு, அரிசி மூட்டை, பாய், தலையணை, சிம்ரனின் யூனிஃபார்ம் எல்லாவற்றையும் முதல் நாளே கட்டில்மேல் ஏற்றி வைத்துவிடுவாள். எப்போதுதான் இது முடியுமோ என்று தட்டுமுட்டுகளோடு சேர்த்து அதையும் ஒரு தடவை சொல்லி ஏற்றுவாள்.

போன கார்த்திகையில் ஆறு வரவில்லை. வழக்கமான நாளுக்கு எல்லாம் கட்டில்மேல் ஏறிவிட்டிருந்தது. ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். படியில் ஏதாவது சத்தம் கேட்டால் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். "வரலன்னா நல்லதுதானே" என்றான் ராமராஜன். "நல்லதுதான், யாரு இல்லன்னு சொன்னது?" என்று எரிந்து விழுந்தாள். நாலாம் நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறி, பழைய இடத்தில் இறங்கிப் பார்த்தாள். ஆறு அங்கேயே இருந்தது. முழங்கால் ஆழம், இறங்கினால் கால்விரல் தெரிகிற தெளிவு. மேலே கரையில் புவனேஸ்வரியின் தெருப் பெண்கள் துரட்டியோடு யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். லோகாம்பாள் தண்ணீரில் காலை விட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மற்ற எல்லார் காலையும் எப்படிச் சுற்றிக்கொண்டு போனதோ அப்படியே அவள் காலையும் சுற்றிக்கொண்டு போனது, நிற்கவில்லை, அதற்கு வேலை இருந்தது. "நல்லா இரு" என்று சொல்லிவிட்டு எழுந்து, இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, மூன்று மாடி ஏறி, கட்டில்மேல் இருந்த அரிசி மூட்டையையும் பாயையும் தலையணைகளையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்தாள்.